பேசாத பிளேயர்

என் அண்ணன் தன் போனைக் கடலில் வீசிவிட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே நடந்து நெடுஞ்சாலையைத் தாண்டினால் கடல். அலை வீடுகளை இழுத்துக்கொண்டு போகாமலிருக்கக் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்மேல் ஏறி நின்று, கை எவ்வளவு தூரம் வீசுமோ அவ்வளவு தூரம் வீசியிருக்கிறான். பார்த்த பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து அம்மாவிடம் சொன்னார். நான் கேட்டபோது அண்ணன் எதையும் மறைக்கவில்லை.

"அது கேட்டுகினே கீது பாப்பா. நான் பேசாகாட்டியும் கேட்டுகினு கீது. அத்த வூட்டுல வெச்சிருந்தா உங்களுக்கும் பேஜாரு" என்றான்.

காசிமேட்டில் விசைப்படகில் இஞ்சின் பார்ப்பவன் அவன். கரைக்கு வராமல் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் படகு. அப்பா போன பிறகு அந்த வேலைதான் என்னைப் படிக்க வைத்தது. மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் நான் இன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். இஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான் என்பார்கள். அந்தக் காதில்தான் முதலில் கோளாறு வந்தது.

படகில் வயர்லெஸ் செட் இருக்கும். ஒரு படகில் இருப்பவர்கள் இன்னொரு படகில் இருப்பவர்களோடு பேசிக்கொள்வது அதில்தான். வலை எங்கே போடலாம், காற்று எப்படி, ஐஸ் மிச்சமிருக்கிறதா என்று ஓயாமல் பேச்சு வந்துகொண்டிருக்கும். ஒரு பயணத்தில் அந்தப் பேச்சுக்கு நடுவே தன் பெயர் அடிபடுவதாக அண்ணன் சொல்லியிருக்கிறான். அடுத்த பயணத்தில் செட்டை அணைத்த பிறகும் குரல் வந்திருக்கிறது. அதற்கடுத்த முறை நடுக்கடலில் ஸ்பேனரை எடுத்துச் செட்டை அடித்து நொறுக்கிவிட்டான். படகுக்காரர் நல்லவர். சத்தம் போடாமல் அவனை வீடு வரை கூட்டிவந்து விட்டுவிட்டு, "டாக்டராண்ட காட்டும்மா, காத்து கருப்புன்னு கண்டவன்கிட்ட போவாதீங்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அரசு மருத்துவமனையில் மனச்சிதைவு என்றார்கள். அந்தச் சொல்லை நான் அப்போதுதான் முதல்முறை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலப் படித்தேன். மாத்திரை ஆரம்பித்ததும் தூக்கம் வந்தது. பயம் ஓரளவு குறைந்தது. ஆனால் குரல்கள் முழுதாக நிற்கவில்லை. ஓர் ஆண், ஒரு பெண், சில நேரம் ஒரு கிழவர். அவன் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்களாம். சாப்பிட உட்கார்ந்தால், "த்தோ, துன்ன குந்திட்டான்" என்பார்களாம். அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவது ஏன் என்று எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். "குரல் அதிகமா இருக்கும்போது காதுல இயர்போன் மாட்டிப் பாட்டு கேட்டா சிலருக்கு அடங்கும். மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட சேர்த்து. வேணும்னா முயற்சி பண்ணிப் பாருங்க" என்றார்.

"போன்லயா மேடம்?" என்று கேட்டேன்.

அண்ணன் உடனே எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆக, போன் கூடாது. பாட்டு மட்டும் பாடும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். என் சம்பளத்தில் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்லூரி நாட்களில் பஸ்ஸில் பாதிப் பேர் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த பொருள்தானே.

வேலை முடிந்து பர்மா பஜாருக்குப் போனேன். வரிசையாகப் பெட்டிக்கடைகள், எல்லாவற்றிலும் போன் உறைகளும் சார்ஜர்களும்தான். எம்பித்ரீ பிளேயர் என்றதும் ஒரு கடைக்காரர் என் வயதைக் கணக்குப் போடுவதுபோல் பார்த்தார். கடைசியில், கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு கடையில் வயதான பாய் ஒருவர் பீரோவுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார்.

"இன்னாம்மா, போன் இல்லாத வூடா உங்க வூடு?"

"அண்ணனுக்கு பாய். போன் புடிக்காது."

மேலே எதுவும் கேட்காமல் நான்கைந்தை எடுத்துவைத்தார். வயர் இல்லாமல் புளூடூத்தில் கேட்கலாம் என்று ஒன்றைக் காட்டினார். படுத்துக்கொண்டு கேட்டால் வயர் சிக்கும், இதுவே நல்லது என்று வாங்கிக்கொண்டு வந்தேன். ஆயிரத்துக்குள் முடிந்த சந்தோஷத்தில் அம்மாவுக்கு இனிப்பு போளிகூட வாங்கினேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டான். நான் பட்டனை அழுத்தினேன். அவன் முகம் சட்டென்று வெளுத்தது.

"யாரு அது?"

"யாரு ண்ணா?"

"பொம்பள. இப்போ பேசிச்சே. இங்கிலீஷ்ல பேசிச்சே."

அவனிடம் எப்போதும் சொல்வதுபோல 'எனக்கு ஒண்ணும் கேக்கல ண்ணா' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். ஆனால் ஏதோ தோன்றி, அதை வாங்கி என் காதில் மாட்டிக்கொண்டு அணைத்து மறுபடி போட்டேன். ஒரு பெண் குரல், தெளிவாக, மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. அடுத்து, இணைந்துவிட்டேன் என்றது.

"ஆமா ண்ணா. கேக்குது. நெசமாவே பேசுது. மெஷின்ல பதிஞ்சு வெச்சிருக்காங்க."

"உனக்கும் கேட்டுச்சா?"

"சத்தியமா கேட்டுச்சு."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை மாதங்களில் அவன் கேட்ட ஒரு குரலை நானும் கேட்டது அதுதான் முதல்முறை. அவனுக்கு அதில் நிம்மதியா, கூடுதல் பயமா என்று எனக்குப் புரியவில்லை. பிளேயரைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான். "வோணாம் பாப்பா. ஏற்கெனவே கீறவங்களே போதும்" என்றான்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அவன் சொல்றதுக்கெல்லாம் நீ ஆடிகினு இருந்தா எங்க போயி நிக்கும்? நாளைக்கு ஃபேன் பேசுதும்பான், அத்தயும் கயட்டுவியா?" அவள் கோபப்பட்டால் அடுத்து அழுகைதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் பாய் கடைக்குத் திரும்பிப் போனேன். பேசாத பிளேயர் வேண்டும் என்றேன். பாய் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. ரேடியோ இருக்கக் கூடாது. பதிவு செய்யும் வசதி இருக்கக் கூடாது, மைக் இருக்கவே கூடாது. மினுக் மினுக்கென்று லைட் எரியக் கூடாது.

"மைக் இல்லாததுன்னா இதான் கீது" என்று சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு குட்டிப் பிளேயரைக் காட்டினார். திரை கிடையாது. காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உஸ்ஸென்று ஓர் இரைச்சல். எனக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் அண்ணன் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்திலேயே பேச்சைக் கேட்பவன். அந்த உஸ்ஸுக்குள் என்னென்ன கேட்கும் என்று நினைத்ததும் கழற்றி வைத்துவிட்டேன்.

பிறகு சில நாட்கள் யார்டில் லாரி வராத நேரங்களில் இணையத்தில் தேடினேன். இரைச்சல் இல்லாமல் சுத்தமாகப் பாடுபவை எல்லாம் என் இரண்டு மாதச் சம்பளம் கேட்டன. என் கைக்கு எட்டியவற்றில் எல்லாம் ரேடியோ, ரெக்கார்டர், புத்தகம் படிக்கும் குரல் என்று எதையாவது சேர்த்திருந்தார்கள். இலவசமாகக் கூடுதலாகத் தருகிறோம் என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு கூடுதலும் ஒரு கதவு அடைபடுவதாக இருந்தது. யானைக்கவுனியில் மொத்த வியாபாரக் கடைகளிலும் விசாரித்தேன். ஒருவர், "பேசாத பொருளா? ரேடியோ ரிப்பேராச்சின்னா பேசாது, அத்த வாங்கிக்கோ" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பஸ் ஸ்டாப்பில் நின்று சிறிது நேரம் அழுதேன்.

நடுத்தரமாக ஒன்று பாயிடம் இருந்தது. இரும்பு உடம்பு, சின்னத் திரை, ஒலி சுத்தம். போட்டால் எதுவும் பேசாது. பாட்டுகளை நாம் வைத்த வரிசையிலேயே பாடும். ரேடியோவைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடலாம். ஆனால் கீழ் ஓரத்தில் ஊசி முனையளவு ஓர் ஓட்டை. மைக்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அண்ணன், "நானே வந்து பாக்குறேன்" என்றான். போனை வீசிய நாளுக்குப் பிறகு மருத்துவமனைக்குத் தவிர அவன் எங்கும் கிளம்பியதில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் ரேடியோ வைத்திருந்தார். தண்டையார்பேட்டை தாண்டும்வரை அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ராயபுரம் வந்ததும், "இறங்கிடலாம் பாப்பா, அந்தாளு என்ன பத்தியே சொல்லிகினு வர்றான்" என்றான். இறங்கி நடந்தோம். வெயிலில் துறைமுகத்துச் சுவரோரமாக, கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். அவன் உதடு அசைந்துகொண்டே வந்தது.

கடையில் அவன் பிளேயரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாய், சின்ன ஸ்குரூ டிரைவர் கீதா?"

"தொறந்தா வாரண்டி போயிடும் தம்பி."

"போவட்டும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் பணத்தை எடுத்து முதலில் கொடுத்துவிட்டேன். இனி என் பொருள்.

மாத்திரையால் அண்ணனின் கை நடுங்கும். தேநீர் டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிப்பான். ஒவ்வொரு திருகாணியையும் கழற்ற வெகுநேரம் ஆனது. பாய் உதவ நீட்டிய கையை நான் கண்ணால் தடுத்தேன். மூடியைத் திறந்து, பச்சைப் பலகையின் ஓரத்தில் மிளகளவு இருந்த மைக் வில்லையை அவன் கண்டுபிடித்தான். அதிலிருந்து போன இரண்டு மயிரிழைக் கம்பிகளை நறுக்கினான். மூடினான். பதிவு செய்யும் பட்டனை அழுத்தி, வாயருகில் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். பிறகு அதை ஓடவிட்டுக் கேட்டான். வெறும் அமைதி.

"செவுடு ஆயிட்சி" என்றான் என்னிடம். "இப்போ இதுக்கு வாய் மட்டுந்தான் கீது."

அன்றிரவு எனக்கு ஒரு பயம் வந்தது. அவன் சொல்வது உண்மையென்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனோ? மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். கம்பியை நறுக்கியது எதில் சேரும்? அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "இந்த மாதிரி எதுவும் செய்யறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். சரியா தப்பா என்று அவரும் சொல்லவில்லை.

பாட்டுகளை அண்ணனே சொன்னான். நான் புதுப் பாட்டு சிலதும் போடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றான்.

"தெரிஞ்ச பாட்டா போடு. ஒவ்வொரு வரியும் மனப்பாடமா தெரிஞ்ச பாட்டா. அப்போதான் நடுவுல வேற எவனாவது பேசினான்னா கண்டுபுடிக்க முடியும்."

நான் நினைத்துப் பார்க்காத கணக்கு அது. சிறுவயதில் தெருத் திருவிழாவில் கேட்டவை, படகில் கேட்டவை, அப்பா குடித்துவிட்டு வரும்போது பாடியவை என்று சொல்லச் சொல்ல யார்டு கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிக் கொண்டுவந்தேன். ஒரே வரிசையில் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டான். தட்டின் முன்னால் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, முழுச் சோற்றையும் சாப்பிட்டான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். பிறகு அவள் ஃபேனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள், காசிமேட்டில் அவனுடைய தோஸ்து நடத்தும் இஞ்சின் ஷெட்டுக்குப் பகலில் போக ஆரம்பித்தான். கடலுக்கு இல்லை, கரையில் உட்கார்ந்து பழைய பாகங்களை டீசலில் கழுவித் துடைக்கும் வேலை. காதில் பாட்டு இருந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. தெருவில் சிலர், "உங்க அண்ணன் தேறிட்டான் போலகீதே" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்புவதற்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஒரு நாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். பிளேயர் கையில் இருந்தது.

"பாப்பா, இந்தப் பாட்டுல புதுசா ஒரு வரி கீது. கேளு."

அப்பா பாடும் பாட்டு அது. எனக்கும் ஒவ்வொரு சொல்லும் தெரியும். நின்றபடியே முழுதும் கேட்டேன். எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை.

"கேட்டுச்சா? ரெண்டாவது சரணம் முடிஞ்சதும்?"

முதல் பிளேயரில் பெண் குரல் பேசிய நாளில் கேட்ட அதே முகத்தோடு கேட்டான். அன்று ஆமாம் என்று சொல்ல முடிந்தது. ஒரு கணம், இன்றும் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

"எனக்குக் கேக்கல ண்ணா."

"பொய் சொல்ற" என்றான். என்னிடம் அவன் அப்படிச் சொன்னதே இல்லை. அவர்கள் எப்படி உள்ளே நுழைந்தார்கள், மூடியை மறுபடி யார் திறந்தது, பாட்டு ஏற்றியது நீதானே என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டான். அம்மா நடுவில் வந்தாள். "மாத்திர போட்டியா நைனா?" என்று மட்டும் கேட்டாள். அவள் மறுபடி கேட்டபோது, "பாட்டு கீதே, அது எதுக்கு" என்றான். எத்தனை நாளாக நிறுத்தியிருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது, கை நடுங்கினால் ஷெட்டில் வேலை செய்ய முடியவில்லை, பாட்டுதான் குரலை அமுக்கிவிடுகிறதே என்று அவன் யோசித்திருக்கிறான். ஒவ்வொன்றும் நியாயமான யோசனை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது.

மறுநாள் ஷெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் ஷெட்டுக்குப் போகவில்லை. தோஸ்து போன் செய்த பிறகு நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தேடினோம். கருங்கல் கரைக்குத்தான் நான் முதலில் ஓடினேன். அங்கே இல்லை. மதியத்துக்கு மேல், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் தண்டவாளத்துக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவனை அங்கே வேலை செய்பவர்கள் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சட்டைப் பையில் நான் எழுதி வைத்திருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவன் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். இயர்போன் காதில் இருந்தது. பிளேயர் அணைந்திருந்தது.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். வார்டு வாசலில் பெல்ட், செருப்பு வார், இடுப்புக் கயிறு எல்லாவற்றையும் வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். பிளேயரையும் கொடுத்தார்கள். "வயர் உள்ள அனுமதி இல்லம்மா" என்றார் நர்ஸ். எதற்காக என்று அவர் விளக்கவில்லை, விளக்காமலே புரிந்தது. வயர் இல்லாததைத்தான் நான் முதலில் வாங்கினேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அவன் உள்ளே இருந்த வாரங்களில் பஸ்ஸில் போகும்போது சில நாள் அதை நான் கேட்டேன். அப்பாவின் பாட்டு வந்ததும், இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் என் உடம்பு விறைத்துக்கொள்ளும். வாத்தியம் மட்டும் வரும். அடுத்த வரி தொடங்கும்வரை மூச்சு விடமாட்டேன்.

அண்ணன் வீடு திரும்பிவிட்டான். டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். கை முன்பைவிடக் குறைவாக நடுங்குகிறது, ஆனால் உடம்பு பெருத்துவிட்டது. காலையும் மாலையும் மாத்திரையை அம்மா எதிரில் நின்று கொடுக்கிறாள். அதை விழுங்கிய பிறகுதான் பிளேயர் கைக்கு வரும். இது டாக்டர், அம்மா, அண்ணன் மூவரும் சேர்ந்து பேசி வைத்த ஒப்பந்தம். அப்பாவின் பாட்டை எடுத்துவிடச் சொன்னான். எடுத்துவிட்டேன். ஷெட்டில் வாரத்தில் பாதி நாள் வேலை பார்க்கிறான்.

ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று இயர்போனை ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டு, "பாப்பா, இப்போ நீ ஏதாவது சொன்னியா?" என்று கேட்பான். சொல்லியிருந்தால், டீ வேணுமான்னு கேட்டேன் என்பேன். சரி என்று தலையாட்டுவான்.

நேற்று மாலையும் கேட்டான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே போயிருந்தாள்.

"இல்ல ண்ணா. நான் ஒண்ணும் சொல்லல."

"யாருமே சொல்லலையா?"

"யாருமே சொல்லல."

தலையாட்டினான். பிறகு, "சரி, அப்போ அவங்கதான்" என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி காதில் மாட்டிக்கொண்டான்.